கேரட் ஜூஸும் மஞ்சள் உள்ளங்கையும்: கரோட்டினாய்டுகள் உடம்பில் சேரும் விதம்

கேள்வி இதுதான்: கண் பார்வைக்கு நல்லது என்று ஒருவர் மூன்று மாதமாகத் தினமும் காலையில் அரை கிலோ கேரட்டை ஜூஸாக்கிக் குடிக்கிறார். இப்போது உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகிவிட்டன. இது காமாலையா? ஜூஸை விட்டுவிட்டு பீட்டா கரோட்டின் மாத்திரைக்கு மாறலாமா? கேரட்டைத் தவிர வேறு எந்தக் காய், கீரை, பழத்தில் இந்தச் சத்து இருக்கிறது?

முதலில் மஞ்சளைப் பார்ப்போம். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்து, கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்து, சிறுநீரும் வழக்கமான நிறத்தில் போனால், இது பெரும்பாலும் கரோட்டினோடெர்மியா. கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் கரோட்டின் ரத்தத்தில் மிதமிஞ்சி, தோலின் மேலடுக்கில் படிவதால் வரும் நிறம். தோல் தடித்திருக்கும் இடங்களிலும் வியர்வை, எண்ணெய்ச் சுரப்பி அதிகமுள்ள இடங்களிலும் முதலில் தெரியும்: உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கோரம். கண் வெள்ளை மட்டும் மாறாது. காமாலையில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கண் வெள்ளையில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், சிறுநீரும் கடுந்தேநீர் நிறத்தில் போகும். அந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் கேரட்டைக் காரணம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தாமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கணக்கும் ஒத்துவருகிறது. ஆரஞ்சு கேரட் 100 கிராமில் பீட்டா கரோட்டின் 8 மில்லிகிராம் வரை இருக்கும், ஆல்ஃபா கரோட்டின் தனி. அரை கிலோவில் 40 மில்லிகிராம். வடிகட்டிய சக்கையோடு ஒரு பங்கு போனாலும் நாளுக்கு 20, 30 மில்லிகிராம் உள்ளே போகிறது. இந்த அளவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மஞ்சளாவது எதிர்பார்க்கக்கூடியதே. இதனால் கெடுதல் இல்லை. ஜூஸை நிறுத்தினால் சில வாரங்கள் முதல் ஓரிரு மாதங்களில் நிறம் தானாக இறங்கும். நிறுத்தியும் இறங்கவில்லை என்றாலோ, இவ்வளவு கேரட் சாப்பிடாமலேயே ஒருவருக்கு இப்படி வந்தாலோ, தைராய்டையும் ரத்தச் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குக் கரோட்டின் வைட்டமின் ஏ-வாக மாறுவது மந்தமாகி, ரத்தத்தில் தேங்கும்.

இவ்வளவு கரோட்டின் உள்ளே போயும் வைட்டமின் ஏ நஞ்சாகாததற்குக் காரணம், குடல் சுவரில் உள்ள நொதி. கரோட்டினை நடுவில் வெட்டி வைட்டமின் ஏ ஆக்குவது அதுதான். உடம்பில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தால் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மிச்சக் கரோட்டின் கரோட்டினாகவே சுற்றும். ஈரலிலும் சில மாத்திரைகளிலும் வருவது ஏற்கெனவே தயாரான வைட்டமின் ஏ, அதாவது ரெட்டினால். அதற்கு இந்தத் தடுப்பு கிடையாது. கர்ப்பிணிகள் ரெட்டினாலை நாளுக்கு 3,000 மைக்ரோகிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று எச்சரிப்பதும், கீரைக்கும் கேரட்டுக்கும் அப்படி எச்சரிக்கை இல்லாததும் இதனால்தான்.

கரோட்டினாய்டு என்பது ஒரே பொருள் அல்ல, கரோட்டினும் அதன் இன நிறமிகளும் சேர்ந்த குடும்பம். இயற்கையில் 700-க்கு மேல் இருக்கின்றன. மனித ரத்தத்தில் கணிசமாகக் கிடைப்பவை ஆறுதான். பீட்டா கரோட்டின், ஆல்ஃபா கரோட்டின், பீட்டா கிரிப்டோசாந்தின் ஆகிய மூன்றும் உடம்பில் வைட்டமின் ஏ ஆகும். லைக்கோபீன், லூட்டீன், சியாசாந்தின் ஆகிய மூன்றும் ஆகாது. கேரட், கீரை, மாம்பழம் முதல் வகையைத் தருகின்றன. தக்காளி, தர்பூசணி, சிவப்புக் கொய்யாவின் சிவப்பு லைக்கோபீன். பப்பாளியில் கிரிப்டோசாந்தின் நிறைய. சதை செக்கச் சிவந்த ரகமானால் லைக்கோபீனும் சேர்ந்திருக்கும். மஞ்சள் சோளத்தில் சியாசாந்தின். கீரைகளில் பீட்டா கரோட்டினும் லூட்டீனும் இரண்டுமே உண்டு, பச்சையம் மேலே மூடியிருப்பதால் மஞ்சள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவோம். பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன், நாவல்பழத்தின் ஊதா ஆந்தோசயனின், மஞ்சள்தூளின் மஞ்சள் குர்குமின். மூன்றும் கரோட்டினாய்டு அல்ல. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் சிவப்புத் தோல் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வெட்டினால் உள்ளே வெள்ளை. அதில் கரோட்டின் இல்லை என்றே சொல்லலாம். உள்ளே ஆரஞ்சாக இருக்கும் ரகத்தில்தான் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூ சோனா அப்படிப்பட்ட ரகம், 100 கிராமுக்கு சுமார் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். மாம்பழத்திலும் தோலை நம்பக் கூடாது. முற்றாத காயைப் பறித்துப் பழுக்கவைத்தால் தோல் மஞ்சளாகும், சதை வெளிறியே கிடக்கும். முட்டை மஞ்சள் கருவின் அடர்நிறமும் பெரும்பாலும் கோழித் தீவனத்தின் நிறம்தான். செண்டுமல்லிப் பூச்சாறு அந்தத் தீவனத்தில் சேர்க்கப்படுகிறது. கடையில் விற்கும் லூட்டீன் மாத்திரைகளில் பலவற்றுக்கும் அந்தப் பூதான் மூலப்பொருள்.

எதில் எவ்வளவு என்ற கணக்குக்கு வருவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இப்போது இருப்பது ஹைதராபாத்தில். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் தொடங்கி, 1958-இல்தான் அங்கே இடம் மாறியது. அதன் பழைய உணவு அட்டவணையில் 100 கிராமுக்கான கரோட்டின் அளவு மைக்ரோகிராமில் இப்படி இருக்கிறது: கறிவேப்பிலை 7,560, கொத்தமல்லி 6,918, முருங்கைக்கீரை 6,780, பாலக் 5,580, அகத்திக்கீரை 5,400, மாம்பழம் 2,743, கேரட் 1,890, பப்பாளி 666. அமெரிக்க அட்டவணையில் 8,000-ஐத் தாண்டும் கேரட் இங்கே 1,890-இல் நிற்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ரகம், முற்றிய அளவு, மண், அளந்த முறை எல்லாம் சேர்ந்து இந்த எண்களைப் பல மடங்கு மாற்றும். கடைசி இலக்கம்வரை இவற்றை நம்பாமல், வரிசையை மட்டும் மனதில் வைத்தால் போதும். கொல்லையில் நிற்கும் முருங்கை, கேரட்டுக்குச் சளைத்ததல்ல. கறிவேப்பிலை முதலிடத்தில் இருந்தாலும் நாம் சாப்பிடுவது நான்கைந்து இலை, அதையும் தட்டோரத்தில் ஒதுக்கிவிடுகிறோம். துவையலாக அரைத்தால்தான் கணக்கில் வரும்.

அட்டவணையில் இருப்பதெல்லாம் ரத்தத்துக்கு வந்துவிடுவதில்லை. முன்பெல்லாம் 6 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். 1995-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் நடந்த ஆய்வு அந்தக் கணக்கை ஆட்டிப் பார்த்தது. பாலூட்டும் தாய்மார்களுக்குக் கூடுதலாகக் கரும்பச்சைக் கீரை கொடுத்தும் அவர்களுடைய வைட்டமின் ஏ நிலை முன்னேறவில்லை. அதன் பிறகு அமெரிக்காவின் 2001 கணக்கில் பொதுவான உணவுக்கு 12:1 என்றும், ஆல்ஃபா கரோட்டினுக்கும் கிரிப்டோசாந்தினுக்கும் 24:1 என்றும் மாற்றினார்கள். அந்த இந்தோனேசிய ஆய்வுக்குழுவின் மதிப்பீட்டில் பழத்துக்கு 12:1, கீரைக்கு 26:1 வந்தது. எண்ணெயில் கரைத்த தூய பீட்டா கரோட்டின் என்றால் 2:1 போதும்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம், செடிக்குள் அந்த நிறமி எப்படி அடைபட்டிருக்கிறது என்பதுதான். கீரையில் அது பச்சையத்தோடும் புரதத்தோடும் பிணைந்து, இலைச் செல்லில் உள்ள பச்சையக் கணிகம் என்ற நுண்பைக்குள் இருக்கிறது. கேரட்டிலும் தக்காளியிலும் படிகமாக உறைந்திருக்கிறது. மாம்பழத்திலும் பப்பாளியிலும் சிறு கொழுப்புத் துளிகளில் ஏற்கெனவே கரைந்து கிடக்கிறது. அதனால் பப்பாளியின் பீட்டா கரோட்டின், பச்சைக் கேரட்டில் உள்ளதைவிடச் சுமார் மூன்று மடங்கு நன்றாக ரத்தத்தில் சேர்வது ஆய்வில் தெரிந்திருக்கிறது. அட்டவணையில் கடைசியில் நிற்கும் பப்பாளியை அந்த ஒரு எண்ணை வைத்து ஒதுக்கிவிடக் கூடாது.

அடைபட்டதை விடுவிக்கச் சமையலறையில் மூன்று வேலைகள் இருக்கின்றன: நசுக்குவது, வேகவைப்பது, எண்ணெய் சேர்ப்பது. கீரையை வேகவைத்து மத்தால் கடைவது எவ்வளவு நல்ல முறை என்பதை 1999-இல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. எண்ணெயில் கலந்த மாத்திரையோடு ஒப்பிட்டால், பாலக்கை முழு இலையாகக் கொடுத்தபோது பீட்டா கரோட்டின் 5 சதவீத அளவுக்கே சேர்ந்தது, கூழாக்கிக் கொடுத்தபோது 9 சதவீதத்தைத் தாண்டியது. கீரை அதே கீரை, செல் சுவர் உடைந்ததில்தான் வித்தியாசம்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 3 முதல் 5 கிராம் கொழுப்பு வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 4.5 கிராம். நான்கு பேருக்குக் கடைந்த கீரை என்றால் தாளிக்க நான்கு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றலாம். சாதத்தில் நெய் விட்டுக்கொள்கிறவர்கள் அதில் பாதியோடு நிறுத்தலாம். முருங்கைக்கீரைப் பொரியலுக்கு உருவிய இலை 200 கிராம், எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, துருவிய தேங்காய் நான்கு மேசைக்கரண்டி. தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்புதான் என்பதால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். இலையைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் மெல்லாமல் விழுங்குவோம். வேகும்போது பச்சை மங்கிப் பழுப்பு தட்டினால் கரோட்டின் போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை. நிறம் மாறுவது பச்சையம். கரோட்டின் தண்ணீரில் கரையாது, பத்து நிமிட வேக்காட்டில் பெரிதாகச் சேதமாகாது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் போவது வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவை. அதற்காகவே தண்ணீரை அளவாக வையுங்கள்.

தக்காளியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தொக்கு கிளறும்போது முதலில் எண்ணெய் தனியாகவும் தக்காளி நீர் தனியாகவும் கொதிக்கும், எண்ணெய் வெறும் மஞ்சளாகத்தான் இருக்கும். நீர் வற்றி, விழுது சுருண்டு, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வரும்போது அந்த எண்ணெய் செக்கச்செவேலென்று இருக்கும். மிளகாய்த்தூளே போடாமல் செய்து பாருங்கள், அப்போதும் சிவக்கும். படிகமாக இருந்த லைக்கோபீன் கரைந்து எண்ணெய்க்கு வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். குடல் உறிஞ்சுவது இந்தக் கரைந்த நிலையில்தான். 1997-இல் ஒரே அளவு எண்ணெயோடு சமைக்காத தக்காளியையும் தக்காளி விழுதையும் கொடுத்து ஒப்பிட்டபோது, விழுது சாப்பிட்டவர்கள் ரத்தத்தில் லைக்கோபீனின் உச்ச அளவு 2.5 மடங்கு இருந்தது. தக்காளித் தோலில் லைக்கோபீன் சதையைவிட அதிகம், ஆகவே தோலை உரித்து எறியாமல் அரைத்துவிடுங்கள். அடியில் ஒட்டாத இரும்பு அல்லது கனமான சட்டி, நடுத்தரத் தீ, 20 முதல் 30 நிமிடம் போதும். கருகும்வரை விட்டால் லைக்கோபீனே சிதையும்.

காலைக் கேரட் ஜூஸ் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. அரைப்பதால் செல் உடைகிறது, அது சரி. ஆனால் வெறும் வயிற்றில், துளிக் கொழுப்பும் இல்லாமல் குடித்தால் உறிஞ்ச வழி குறைவு. சர்க்கரை போட்டுக் குடித்தால் கலோரி மட்டும் கூடும். அதே கேரட்டை 50, 60 கிராம் எடுத்து, எண்ணெயில் வதக்கிப் பொரியலாகவோ கூட்டாகவோ மதியச் சாப்பாட்டில் சேர்த்தால் அந்த நாளின் கேரட் பங்குக்கு அது தாராளம். துருவல் சாலட்டுதான் பிடிக்கும் என்றால் தாளித்துக் கொட்டி, வறுத்த வேர்க்கடலைப் பொடியோ தேங்காயோ தூவுங்கள்.

கரோட்டினைக் கெடுப்பவை வெளிச்சம், காற்று, நீண்ட நேர அதிக வெப்பம். முருங்கை இலையை நேர் வெயிலில் காயவைத்துப் பொடி செய்கிறவர்கள் பெரும்பகுதியை மொட்டை மாடியிலேயே இழந்துவிடுகிறார்கள். நிழலில், காற்றோட்டமான அறையில், மெல்லிய துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உலர்த்த வேண்டும். இலை கையில் நொறுங்கியதும் பொடித்து, இருட்டு நிற டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பச்சை வெளுத்து வைக்கோல் வாசனை வந்த பொடியில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஆழப் பொரித்த கேரட் சிப்ஸுக்கும் இதே கதைதான்.

உடம்புப் பக்கத்திலும் தடைகள் உண்டு. எடை குறைப்பதற்கான ஆர்லிஸ்டாட் மாத்திரை கொழுப்போடு கரோட்டினையும் வெளியே அனுப்பிவிடும். கொலஸ்டிராலைக் குறைக்கும் கொலஸ்டிரமின் மருந்தும், தாவர ஸ்டிரால் சேர்த்த மார்கரினும் கரோட்டின் உறிஞ்சுதலைக் குறைக்கும். பித்தநீர் சரியாக வராதவர்கள், நாட்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், குடலில் உருளைப்புழு உள்ள குழந்தைகள் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் கொஞ்சமே சேரும். அங்கே முதலில் பூச்சி மருந்தும் சிகிச்சையும் வேண்டும்.

நாளுக்கு எவ்வளவு வேண்டும்? 2020-இல் வெளியான இந்தியப் பரிந்துரைப்படி வைட்டமின் ஏ ஆணுக்கு 1,000 மைக்ரோகிராம், பெண்ணுக்கு 840. ஒரு ஆள் பங்கான 50 கிராம் முருங்கைக்கீரையில் சுமார் 3,400 மைக்ரோகிராம் கரோட்டின். அது முழுக்க பீட்டா கரோட்டின் என்று வைத்துக்கொண்டாலும் 12:1 கணக்கில் 280, 26:1 கணக்கில் 130. நல்ல மாம்பழம் 100 கிராமில் 230 வரை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 80. கீரை, ஒரு காய், ஒரு பழம், பாலோ முட்டையோ எல்லாம் சேர்ந்தால்தான் எண்ணிக்கை நிறைகிறது. ஒன்றை மட்டும் அரை கிலோ சாப்பிட்டு ஈடுகட்டும் வேலை இது இல்லை.

கண்ணுக்கு வருவோம். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் ரோடாப்சின் என்ற நிறமிக்கு வைட்டமின் ஏ தேவை. அது குறைந்தால் மாலைக்கண் வரும், வெள்ளை விழியில் நுரை போன்ற பிட்டாட் புள்ளி தோன்றும், முற்றினால் கருவிழியே கரைந்து பார்வை போகும். 9 மாதம் முதல் 5 வயது வரை குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கியது இதற்காகத்தான். அந்தச் சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். மற்றபடி குறைபாடு இல்லாதவருக்குக் கேரட்டால் பார்வை கூடாது, கண்ணாடிப் பவரும் குறையாது. கிட்டப்பார்வை கண்ணின் வடிவத்தால் வருவது, வைட்டமினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வயதானவர்களுக்கு முக்கியமானது லூட்டீனும் சியாசாந்தினும். விழித்திரையின் நடுவில் உள்ள மஞ்சள் புள்ளிக்கு நிறம் கொடுப்பவை இவைதான், நீல ஒளியை அங்கே வடிகட்டுகின்றன. பாலக் போன்ற கீரையில் 100 கிராமுக்கு 12 மில்லிகிராம் வரை இருக்கும். முட்டையில் அளவு மிகக் குறைவு என்றாலும் கொழுப்போடு சேர்ந்து வருவதால் கீரையில் உள்ளதைவிட நன்றாக உறிஞ்சப்படுகிறது.

கடைசியாக மாத்திரை. புகைப்பவராகவோ, முன்பு புகைத்தவராகவோ, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியில் வேலை பார்த்தவராகவோ இருந்தால் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே கூடாது. 1994-இல் வெளியான பின்லாந்து ஆய்வில், புகைக்கும் ஆண்கள் 29,133 பேரை எடுத்து, அவர்களில் பீட்டா கரோட்டின் பிரிவினருக்குத் தினம் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது. நிறைய மது அருந்தியவர்களிடம் கெடுதல் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் 30 மில்லிகிராமோடு ரெட்டினாலும் சேர்த்துச் செய்த ஆய்வில் நுரையீரல் புற்று 28 சதவீதம் கூடி, 21 மாதம் முன்னதாகவே ஆய்வை நிறுத்த வேண்டிவந்தது. பெரும்பாலும் புகைக்காத அமெரிக்க மருத்துவர்கள் 22,071 பேரிடம் 12 ஆண்டு நடந்த மூன்றாவது ஆய்வில் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு இதயநோய் குறைவு என்பது பல நாடுகளில் பார்த்த உண்மை. அவர்கள் ரத்தத்தில் கரோட்டின் அதிகமாக இருப்பதும் உண்மை. அதனால் கரோட்டினை மட்டும் பிரித்தெடுத்து விழுங்கினால் அதே பலன் வரும் என்று ஆகிவிடவில்லை. லைக்கோபீன் மாத்திரைக்கும் இதே நிலைதான். அது புற்றுநோயைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்ய அனுமதி கேட்டபோது, நம்பத்தக்க சான்று இல்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் மறுத்தது.

மாத்திரைக்கு உண்மையிலேயே இடமுள்ள ஒரே பெரிய நிலைமை, வயதால் வரும் மஞ்சள் புள்ளிச் சிதைவு நடுத்தரக் கட்டத்தில் இருப்பது. அப்போதும் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டும். அது நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும், நோயே இல்லாதவருக்கு வராமல் தடுக்காது. வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். 2013-இல் முடிவு வெளியான ஆய்வுக்குப் பிறகு வந்த சேர்க்கையில் லூட்டீன் 10 மில்லிகிராம், சியாசாந்தின் 2 மில்லிகிராம் என்று இருக்கும். அதற்கு முந்தைய சேர்க்கையில் பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம் இருந்தது. புகைப்பழக்கம் உள்ளவர், விட்டவர் யாராக இருந்தாலும், பீட்டா கரோட்டின் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லூட்டீன் சேர்க்கையைக் கேட்டு வாங்குங்கள்.